படத்துல இருக்கிற கார் ஒரிஜினல்தான் ப்ரோ!

இருபது வயதில் பொம்மைக் கார் வாங்குகிறவனை நம் வகுப்பு என்ன பாடு படுத்தும் என்று நம் வகுப்புக்கே தெரியும். "பால் பாட்டிலும் வாங்கிட்டியா மச்சி?" என்பதில் ஆரம்பித்து, போன செமஸ்டரில் யாரோ ஒரு புண்ணியவான் என் அறை நண்பனின் மேசை மேல் கிலுகிலுப்பை வைத்துவிட்டுப் போனது வரைக்கும். சிரித்தேன், நானும்தான். ஆனால் இந்தப் பதிவின் பாதியில் அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அதற்குள் ஓடிவிடாதீர்கள்.

தேடிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு முன்கதைச் சுருக்கம். ஹாட் வீல்ஸ் என்பது மேட்டல் என்ற அமெரிக்க பொம்மைக் கம்பெனி 1968-ல் கொண்டுவந்த உலோகக் கார். முதல் வருடம் மொத்தமே 16 மாடல். நிஜக் காரை 64-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன அளவு வருமோ அந்த அளவு. உள்ளங்கையில் அடங்கிவிடும். சாதாரண மாடல் ஒன்று நம் ஊர்க் கடைகளில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இதுவரை பிரச்னை இல்லை.

பிரச்னை 1995-ல் ஆரம்பித்தது. அந்த வருடம் 'ட்ரெஷர் ஹன்ட்' என்று 12 கார்களை, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் மட்டும் செய்து, சாதாரணக் கார்களோடு கலந்து விட்டார்கள். 2007-ல் அதிலும் உசத்தியாக ஒரு ரகம் பிரித்தார்கள். அதைத்தான் இன்றைக்கு 'சூப்பர்' என்று சேகரிப்பவர்கள் செல்லமாகச் சொல்கிறார்கள். மினுமினுக்கும் ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயின்ட், பிளாஸ்டிக்குக்குப் பதில் ரப்பர் டயர், காரின் மேல் எங்கோ பொடியாக ஒளிந்திருக்கும் 'டி.ஹெச்.' எழுத்து. இப்போதைய அட்டைகளில் காருக்குப் பின்னால் தங்க நிறத்தில் ஒரு தீச்சுடர் சின்னமும் இருக்கும். வேடிக்கை என்னவென்றால் கடையில் இதற்கும் அதே இருநூறு ரூபாய்தான். கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. வாசலைத் தாண்டினால் விலை ஆயிரங்களில்.

(வெளிவராத மாதிரி வண்டிகள் கதையே தனி. 1969-ல் செய்து பார்த்த ரோஸ் நிற 'பீச் பாம்ப்' என்ற ஃபோக்ஸ்வாகன் வேன் ஒன்றின் மதிப்பு ஒரு லட்சம் டாலருக்கு மேல் என்கிறார்கள். அதைக் கிலுகிலுப்பை கோஷ்டி கவனத்தில் கொள்ளவும் :-))

கடையில் சரக்கு இறங்கும் நாளைத் தெரிந்துகொண்டு காலையிலேயே பெட்டியைப் பிரிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சாயங்காலம் காலேஜ் முடிந்து போகிற நமக்கு மிஞ்சுவது டைனோசர் தலை வைத்த லாரிதான். ஆக, சூப்பர் வேண்டும் என்றால் முன்பின் தெரியாத ஒருவரிடம்தான் வாங்க வேண்டும். ஈபே இந்தியா இருந்தவரை 'பைசாபே' என்று ஒன்று இருந்தது. பொருள் நம் கைக்கு வரும்வரை பணம் நடுவில் நிற்கும். 2018 ஆகஸ்டில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அதன்பின் இந்த வியாபாரத்தில் பெரும்பங்கு குழுக்களுக்கும் தனிச்செய்திகளுக்கும் போய்விட்டது. படம் போடுவார், விலை சொல்வார், "முதல்ல பணம், அப்புறம் பார்சல்." நடுவில் யாரும் கிடையாது.

இப்போது அறை நண்பன் கதை. (பெயர் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியும் என்றால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.)

அவனுக்கு நிஸான் ஸ்கைலைன் என்றால் உயிர். ஒரு ஞாயிறு ராத்திரி ஸ்கைலைன் சூப்பர் ஒன்று 4,200 ரூபாய்க்கு வருகிறது. 4,200 என்பது அவன் கணக்கில் ஏழு முகூர்த்தம். கேட்டரிங்கில் பந்தி பரிமாறப் போனால் நாளுக்கு 600 தருகிறார்கள். ஏழு கல்யாணத்தில் விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, சாம்பார் வாளி தூக்கிச் சேர்த்த காசு.

அவன் ஒன்றும் அசட்டுப் பையன் இல்லை. படத்தைப் பெரிதாக்கி பெயின்ட்டைப் பார்த்தான். டயரைப் பார்த்தான், ரப்பர்தான். 'டி.ஹெச்.' இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அட்டையில் தங்கச் சுடர் இருந்தது. அடிப்பகுதிப் படம் கேட்டான், வந்தது. அதில் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமுமாக ஒரு குறியீடு இருக்கும். எழுத்து தயாரித்த வருடம், இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம். அதையும் சரிபார்த்தான். எல்லாம் பக்கா. பணத்தை அனுப்பினான்.

அந்தக் கார் ஒரிஜினல்தான், அதில் சந்தேகமே இல்லை. அது வேறு ஒருவருடைய கார், அவ்வளவுதான். பிறகு நான் கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைப் போட்டபோது, வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் எப்போதோ போட்ட ஆல்பத்தில் போய் நின்றது. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பகுதி, அத்தனை கோணமும் அங்கேயே இருந்தது.

நான் இந்தப் பதிவை எழுதுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். சேகரிப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதெல்லாம் போலிக் காரைக் கண்டுபிடிக்கும் வித்தை. சாதாரணக் காருக்கு ரப்பர் டயர் மாட்டி சூப்பர் என்று விற்பது, அட்டையில் பிளாஸ்டிக் குமிழைப் பிரித்துத் திரும்ப ஒட்டுவது, இப்படி. அந்த வித்தை தேவைதான். ஆனால் கையில் காரே இல்லாதவனிடம் அது செல்லாது. போலி செய்வதற்குக்கூட அவனுக்கு ஒரு கார் வேண்டும், கொஞ்சம் உழைப்பு வேண்டும். படத்தைத் திருடுகிறவனுக்கு எதுவும் வேண்டாம். சொல்லப்போனால் நீங்கள் எவ்வளவு விவரமானவரோ அவ்வளவு அவனுக்கு வசதி. நல்ல படமாகப் பார்த்துத்தானே திருடியிருப்பான்? நீங்கள் படத்தைச் சோதித்து முடித்து, எல்லாம் சரி என்று கண்டதும், அந்த நம்பிக்கையை அப்படியே தூக்கி ஆள் மேல் வைத்துவிடுகிறீர்கள். ஆளை யாருமே சோதிக்கவில்லை.

அதனால் கேட்க வேண்டியது "இந்தக் கார் உண்மையா?" என்பதில்லை. "இந்த ஆளிடம், இந்த நேரத்தில், இந்தக் கார் இருக்கிறதா?" என்பதுதான். அதற்கு விடை காரை வைத்திருப்பவனால் மட்டுமே தர முடிகிற மாதிரி ஏதாவது கேட்க வேண்டும். பேப்பரில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிக் காரின் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்வது பழைய முறை. இன்றைக்கு அது போதாது. ஏ.ஐ. செயலியிடம் சொன்னால் எந்தப் படத்திலும் துண்டுச் சீட்டு முளைக்கும். வீடியோ கால் நல்லது. முடியாது என்றால் பத்து விநாடி வீடியோ. ஆனால் நீங்கள் கேட்ட பிறகு, நீங்கள் சொன்ன கிறுக்குத்தனத்தோடு எடுத்த வீடியோவாக இருக்க வேண்டும். காரைத் தலைகீழாகத் திருப்பு, பக்கத்தில் ஒரு ஸ்பூன் வை, அட்டையின் இடது மூலையை விரலால் மூடு. நிஜ விற்பனையாளர் சிரித்துக்கொண்டே அனுப்புவார், அல்லது சலித்துக்கொண்டே அனுப்புவார். மற்றவர் கோபப்படுவார். "ட்ரஸ்ட் இல்லன்னா விடுங்க ப்ரோ, மூணு பேர் வெயிட்டிங்."

அந்த மூன்று பேரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா மோசடியிலும் இவர்கள் எப்படியோ வந்துவிடுகிறார்கள். விலையை அடிமாட்டு விலையாகவும் வைக்க மாட்டார்கள், அப்படி வைத்தால் சந்தேகம் வரும். ஊர் விலையை விடக் கொஞ்சம் குறைவு, எதிரில் மூன்று பேர், ராத்திரி பதினொன்றரை மணி. யாரிடமும் யோசனை கேட்க முடியாத நேரம். காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னால் கை நழுவிப் போகும் கார் போகட்டும். மேட்டல் அடுத்த வருடமும் கார் செய்யும்.

ஆளுக்குச் சாட்சி கேட்டால் 'நன்றி ப்ரோ, பார்சல் வந்துச்சு' என்று ஏழெட்டு ஸ்க்ரீன்ஷாட் வரும். ஸ்க்ரீன்ஷாட் என்பதும் படம்தானே! அனுப்பியவரிடம் நீங்களே போய்ப் பேச முடிந்தால்தான் அது சாட்சி. அப்படிப் பேசும்போதும் அந்தச் சாட்சிகளின் கணக்குகள் எப்போது தொடங்கப்பட்டவை, அவற்றில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். நண்பனுக்குச் சாட்சி சொன்ன மூன்று கணக்குகளிலும் ஒரு பதிவுகூட இல்லை.

முன்பதிவு இன்னும் வில்லங்கமானது. 'நாலு மாசத்துல வரும், இப்பவே அட்வான்ஸ்' என்பதில் உண்மையான வியாபாரிகளும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திருடனுக்கு அந்த நாலு மாதம் பரிசு. அதுவரை யாரும் பொருளைக் கேட்க மாட்டார்கள். புகார் கிளம்பும்போது அவன் நூறு பேரிடம் வாங்கி முடித்திருப்பான். கடை, முகவரி, ஜி.எஸ்.டி. எண் எல்லாம் இருக்கும் ஆளிடம் மட்டுமே முன்பதிவு என்பது என் கட்சி.

பணம் அனுப்பும் இடத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2025 ஜூன் 30-க்குள் எல்லா யு.பி.ஐ. செயலிகளும் பணம் பெறுபவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று என்.பி.சி.ஐ. விதித்தது. அவரே வைத்துக்கொண்ட செல்லப்பெயர் எல்லாம் இனி அங்கே வராது. பின் நம்பர் போடுமுன் அந்த ஒரு வரியைப் படியுங்கள். பேசிக்கொண்டிருப்பவர் ஒருவர், பெயர் வேறொன்று என்றால் "அண்ணன் அக்கவுன்ட் ப்ரோ" என்று பதில் வரும். அண்ணன் பெயரும் அவன் ஊரும் மொழியும் கொஞ்சம்கூட ஒட்டாது. கமிஷனுக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்காக இருக்கலாம். (கல்லூரி மாணவர்களிடம்தான் இப்படிக் கணக்கை வாடகைக்குக் கேட்கிறார்களாம். யாராவது கேட்டால் ஓடுங்கள். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கின் சொந்தக்காரர் வீட்டில்தான்.)

திங்கட்கிழமை நண்பனுக்கு இரண்டாவது செய்தி வந்தது. பார்சலுக்கு இன்ஷூரன்ஸ் 1,500 ரூபாய், டெலிவரி ஆனதும் திரும்பக் கிடைக்கும் என்று. இந்த இரண்டாவது தூண்டில் கொடுமையானது, ஏனென்றால் ஏற்கெனவே 4,200 உள்ளே போய்விட்டது. அதைக் காப்பாற்ற 1,500 போடலாம் என்று தோன்றும். இவன் கையில் காசு இல்லை, அதனால் தப்பித்தான். "காசு இல்லை" என்றதும் அந்த ஆள் பெருந்தன்மையோடு, "சரி ப்ரோ, இன்ஷூரன்ஸ் இல்லாமலே அனுப்புறேன்" என்று செவ்வாய்க்கிழமை ஒரு ஸ்பீடு போஸ்ட் எண் கொடுத்தான். தபால் துறைத் தளத்தில் போட்டால் எதுவும் வரவில்லை. "அப்டேட் ஆக ஒரு நாள் ஆகும்." அதுவும் நியாயமாகத்தான் படுகிறது, இல்லையா? அன்றைக்கு ராத்திரிதான் என்னிடம் போனை நீட்டினான்.

இங்கே ஒரு குட்டிக் கணக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஸ்பீடு போஸ்ட் எண் பதின்மூன்று இடம் கொண்டது. 'இ'-யில் தொடங்கும் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐ.என்.' அந்த ஒன்பது இலக்கத்தில் எட்டுதான் நிஜ எண். ஒன்பதாவது, முதல் எட்டையும் சோதிப்பதற்கான காவல்காரன். உலகத் தபால் சங்கம் வகுத்த முறை அது. எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து மீதியை 11-லிருந்து கழியுங்கள். வருவதுதான் ஒன்பதாவது இலக்கம். (10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.) உதாரணமாக 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆக ஒன்பதாவது இலக்கம் 5. வேறு எது இருந்தாலும் அந்த எண்ணில் தபாலே கிடையாது. கணக்கு சரியாக வந்தால் தபால் நிச்சயம் என்று அர்த்தமில்லை, பழைய ரசீது எண்ணைக் கூடக் கொடுக்கலாம். ஆனால் தப்பாக வந்தால் 'நாளைக்கு அப்டேட் ஆகும்' என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் கொடுத்த எண்ணில் 2 வர வேண்டிய இடத்தில் 7 இருந்தது.

நண்பன் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

1930-க்குக் கூப்பிடலாம் என்றேன். வேண்டாம் என்றான். இணையப் பண மோசடிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. 2021-ல் 155260 என்று தொடங்கி, பிறகு 1930 ஆனது. கூப்பிட்டால் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும், அங்கிருந்து வேறு கணக்குக்கு நகர்ந்திருந்தால் அந்த வங்கிக்கும் போகும், எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே நிறுத்தி வைப்பார்கள். ஓட்டப் பந்தயம் மாதிரி, ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. இதெல்லாம் சொன்னேன். அதற்கு அவன் சொன்னது: "என்னன்னு சொல்றது? பொம்மைக் கார் வாங்கி ஏமாந்துட்டேன்னா? போலீஸ்காரங்க சிரிக்க மாட்டாங்களா? நம்ம கிளாஸ்லயே சிரிப்பாங்கடா."

மக்களே, ஞாயிறு ராத்திரி பணம் போனது. திங்கள் மதியமே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம் யாரிடமாவது அப்போதே காட்டியிருந்தால் திங்களன்றே புகார் போயிருக்கும். ஒன்றரை நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்தத் திருடன் இல்லை. மேசை மேல் இருந்த கிலுகிலுப்பை. நகையோ போனோ போயிருந்தால் விடுதி முழுக்கச் சொல்லியிருப்பான். இதையே நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. நாலாயிரம், ஐந்தாயிரம், அதுவும் பொம்மைக்கு. வெட்கப்பட்டு எவனும் வெளியே சொல்ல மாட்டான் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் ராத்திரி பதினொரு மணிக்குப் பேசினோம். போனை எடுத்தவர் சிரிக்கவில்லை. "என்ன பொருள்?" என்றார். "விளையாட்டு கார், கலெக்‌ஷன் சார்" என்றான். "எவ்வளவு? எத்தனை மணிக்கு? பன்னெண்டு இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் சொல்லுங்க தம்பி" என்று கேட்டுக்கொண்டே போனார். அவ்வளவுதான். அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பேச்சு முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட்டாக ஏற்றினோம். (அதற்குமுன் அந்த ஆளிடம் சண்டை போடாதீர்கள். உங்களைத் தடுத்துவிட்டு, முடிந்தவரை செய்திகளையும் அழித்துவிடுவான்.) 4,200-ல் 1,150 ரூபாய் இரண்டாவதாகக் கைமாறிய கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அது கைக்கு வர இன்னும் நடைமுறை இருக்கிறது. மீதி போனது போனதுதான்.

'கேஷ் ஆன் டெலிவரி போட்டா தீர்ந்துச்சே' என்று யோசிப்பவர்களுக்கு: பெட்டியைப் பிரிக்குமுன் பணம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு என்றால் உள்ளே செங்கல் துண்டு இருந்தாலும் அதே கதைதான். பார்சல் வந்தது என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். எப்படி வந்தாலும், பெட்டியின் ஆறு பக்கமும் தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டே பிரியுங்கள். வெளிநாட்டிலிருந்து பேபால் மூலம் வாங்குகிறவர்கள் 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' என்று அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் அப்படிக் கேட்கிறார்கள். நேரில் வாங்க முடிந்தால் எல்லாவற்றையும் விட அது உத்தமம். ரயில் நிலைய வாசல், மால், நாலு பேர் நடமாடும் இடம். துணைக்கு ஒருவர். நம் ஊரில் எண்பது, தொண்ணூறுகளில் 'லியோ' பெயரில் தயாரான ஹாட் வீல்ஸ் கார்களை இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். சித்தப்பா வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு கிடக்கலாம். முதலில் அங்கே தேடுங்கள், அங்கே அட்வான்ஸ் கேட்க மாட்டார்கள்.

நண்பன் சேகரிப்பதை விடவில்லை. போன மாதம் தன்னிடம் இரண்டாக இருந்த கார் ஒன்றை விற்றான். வாங்கியவர் மதுரைக்காரர், ரொம்ப உஷாரான பார்ட்டி. படம் அனுப்பினான், சரி என்றார். வீடியோ அனுப்பினான், அதுவும் சரி என்றார். பிறகு, "தம்பி தப்பா எடுத்துக்காதீங்க, கார் மேல ஒரு காஞ்ச மிளகாய் வச்சு இன்னொரு வீடியோ அனுப்புறீங்களா?" என்று கேட்டார். இவன் ராத்திரி ஒன்பதரைக்கு மெஸ் கதவைத் தட்டி, அக்காவிடம் மிளகாய் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, "திருஷ்டி சுத்த" என்று சொல்லியிருக்கிறான்.